மஞ்சள் கொழுப்பும் நீல முத்திரையும்

ஒரே ஒரு வெள்ளாட்டைப் பற்றிய விவகாரம் இது. உரித்துத் தொங்கவிட்டால் 11 கிலோ தேறும், அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போகவில்லை, பேப்பரில் வரவில்லை. ஆனால் இறைச்சித் தொடையில் குத்துகிற நீல முத்திரைக்கு உண்மையில் என்ன பொருள் என்று நான் தேட ஆரம்பித்தது இந்த ஆட்டால்தான். தேடிப் போன வழி 1860-கள் வரை இழுத்துக்கொண்டு போனது.

இடம், கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஒரு பேரூராட்சி. தொண்ணூறுகளின் கடைசி. நான் அங்கே துப்புரவு ஆய்வாளர். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் தேவாலயத்தில் முதல் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வருவதற்குள் கடையில் ஆடு தொங்கியாக வேண்டும். அதனால் விடியற்காலை நாலு மணிக்கே ஆடு அடிக்கும் கூடத்தில் வேலை தொடங்கிவிடும். கூடம் என்று சொன்னால் பெரிதாக நினைக்க வேண்டாம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே சிமெண்ட் தரை, சுவரோரம் தண்ணீர்த்தொட்டி, ஒரு வரிசை கொக்கி. கூடத்துக் கட்டண வசூலைப் பேரூராட்சியிடம் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆடு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவார், ரசீது கிழிப்பார், உரித்து முடிந்ததும் தொடையில் ஒரு சீல் அடிப்பார். அந்தச் சீல் இருந்தால் இறைச்சி கடைக்குப் போகலாம்.

நான் கடைகளைச் சுற்ற வந்தது ஆறரைக்கு. மூன்றாவது கடையில் தொங்கிய ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருந்தது.

கொழுப்பு மஞ்சளாக இருப்பதெல்லாம் நோய் ஆகாது. பச்சைத் தீவனம் நிறையத் தின்ற மாட்டுக்குக் கொழுப்பு மஞ்சளாகவே இருக்கும், அது தீவனத்தின் நிறம். ஆனால் வெள்ளாடு அப்படியில்லை. பச்சையில் உள்ள அந்த நிறப்பொருளை வெள்ளாட்டின் உடம்பு முழுக்க மாற்றிவிடும், அதன் கொழுப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கொழுப்பை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பார்க்க வேண்டும்: கண்ணின் வெள்ளை விழி, மூட்டுகளில் உள்ள தசைநார், பெரிய ரத்தக்குழாயின் உட்புறச் சுவர். தீவன நிறம் கொழுப்போடு நின்றுவிடும். காமாலை என்றால் இந்த மூன்றும் மஞ்சளாகும். முழங்காலுக்குப் பக்கத்தில் கத்தியால் லேசாகக் கீறிப் பார்த்தேன். மஞ்சள்தான்.

“ஈரல் எங்கே?” என்று கேட்டேன்.

“அது புரோட்டாக் கடைக்குப் போயாச்சு சாரே. அஞ்சு மணிக்கே வந்து வாங்கிட்டுப் போவாவ.”

என் தொழிலில் அந்த ஆட்டைப் பற்றிச் சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி அதுதான். ஈரலில் தட்டைப்புழு உண்டா, பித்தப்பை வீங்கியிருக்கிறதா, ஓரம் தடித்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்திருக்கும். புரோட்டாக் கடைக்கு ஓடினேன். பாதி ஈரல் ஏற்கெனவே கல்லில் மிளகோடு புரண்டுகொண்டிருந்தது. மீதிப் பாதியை வாங்கினேன். புழு கண்ணுக்குப் படவில்லை, ஆனால் ஆரோக்கியமான ஈரலின் நிறமும் இல்லை. பித்தப்பையைக் கூடத்திலேயே எறிந்துவிட்டார்கள். நல்ல வேளையாக, தலையை வாட்டுவதற்காக ஓரமாக வைத்திருந்தார்கள். கண் இமையை விரித்துப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சள்.

கடைக்காரர் நல்ல மனிதர். எனக்கு மூத்தவர், என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அன்றைக்கு மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “சாரே, சீல் அடிச்சாச்சுல்லா? கூலியும் கட்டியாச்சு. பொறவு என்னவாக்கும்?”

நியாயமான கேள்வி. என்னிடம் நியாயமான பதில் இல்லை. “இது சீக்கு ஆடு அண்ணே, விற்க விடமாட்டேன்” என்றேன். “அப்போ சீல் எதுக்கு?” என்றார்.

காமாலை சந்தேகம் உள்ள உடலை 24 மணி நேரம் நிறுத்திவைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது ஆய்வு முறை. லேசான மஞ்சள் என்றால் வெளிறிவிடும், அப்படியானால் விற்கலாம். முறை நன்றாகத்தான் இருக்கிறது, நிறுத்திவைக்க இடம் வேண்டாமா? எங்கள் பேரூராட்சியில் குளிரூட்டும் அறை கிடையாது. கடைசியில் குளச்சலில் இருந்து மீன் ஏற்றி வரும் ஒரு வியாபாரியிடம் பேசி ஒரு ஐஸ் பெட்டியைக் கேட்டு வாங்கினோம். கழுவித் துடைத்தும் நெத்திலி வாசம் போகவில்லை. அதில் ஆட்டை வைத்து, பூட்டி, சாவியை நான் எடுத்துக்கொண்டேன். திங்கள் காலை கால்நடை மருத்துவரை வரச்சொல்லித் திறந்தோம். மஞ்சள் கொஞ்சமும் மாறவில்லை. மொத்தமாகத் தள்ளுபடி. குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, மேலே ஃபினைல் ஊற்றி மூடினோம். கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு நடுவில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

நோய்க்குக் காரணம் என்ன? மருத்துவரின் ஊகம் உண்ணிச்செடி. மலையடிவார மேய்ச்சல் நிலத்தில் புதர் புதராக வளர்கிற, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற செடி. பசிக்கும்போது ஆடு அதன் இலையைத் தின்றால் ஈரல் கெடும், காமாலை வரும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்துபோகும். இந்தச் செடி நம் ஊர்ச்செடி இல்லை. 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த செடியைத் தின்று கெட்ட ஆட்டை, வெள்ளைக்காரர் எழுதிய சட்டத்தை வைத்து நான் தடுக்கப் பார்த்திருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

ஆம், சட்டம் அவர்களுடையதுதான். 1994-க்குப் பிறகு தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளும் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அந்தச் சட்டம் 2023 வரை உயிரோடு இருந்தது. அலுவலகத்து அலமாரியில் அதன் அட்டை கிழிந்த ஒரு பிரதி இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆடு சம்பந்தப்பட்ட பிரிவுகளை எல்லாம் படித்தேன்.

பட்டாளத்திலிருந்து பஜாருக்கு

அந்தச் சட்டம் இறைச்சியைப் பற்றி என்ன சொன்னது? விற்பனைக்காக ஆடு, மாடு, பன்றியைப் பொதுக்கூடத்திலோ லைசென்ஸ் பெற்ற கூடத்திலோ தவிர வேறெங்கும் அறுக்கக்கூடாது. வெளியே வைத்துத் தோல் உரிக்கக்கூடாது. நாற்றம் அடிக்கும்படி தோலைக் காயப்போடக்கூடாது. இறைச்சிக்கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். கூடத்துக்குக் கட்டணம் வசூலிக்கலாம், அந்த வசூலைக் குத்தகைக்கும் விடலாம். கெட்ட இறைச்சியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் இருந்தது. கடைக்காரர் சம்மதித்தால் அங்கேயே அழிக்கலாம். கடையில் கிடக்கிற பொருள் மனிதர் தின்பதற்கு வைத்தது இல்லை என்று யாராவது சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான்.

வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். இடம், நாற்றம், லைசென்ஸ், கட்டணம் எல்லாவற்றுக்கும் விரிவான விதி இருக்கிறது. ஆட்டைப் பிடித்து, வாயைத் திறந்து, நாக்கைப் பார்த்து, அறுத்த பிறகு ஈரலைக் கீறிப் பார்ப்பது யார், எத்தனை மணிக்கு, என்ன படித்தவர் என்பதற்கு அத்தனை விரிவு இல்லை. ‘ஆய்வு’ என்ற சொல் இருந்தது, ஆள் இல்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்களின் எண்ணிக்கை கூடியது. அவர்கள் சண்டையில் செத்ததைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்ததுதான் அதிகம். பட்டாளத்தின் சுகாதாரத்தை ஆராய்ந்த ராயல் கமிஷன் என்ற பிரிட்டிஷ் விசாரணைக் குழு 1863-இல் கொடுத்த அறிக்கை, ஆண்டுக்கு ஆயிரம் சிப்பாய்களுக்கு 69 பேர் என்று சாவுக் கணக்குச் சொன்னது. அடுத்த ஆண்டே, 1864-இல், சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் வந்தன. கன்டோன்மெண்ட், அதாவது பட்டாளக் குடியிருப்புகளுக்கான சட்டமும் அதே ஆண்டுதான். பட்டாளத்துக்குத் தினசரி மாட்டிறைச்சி ரேஷன் உண்டு. மாடு அறுக்கும் இடம், அங்கிருந்து ஓடும் ரத்தம், அதில் மொய்க்கும் ஈ, பக்கத்துக் கிணறு, இவைதான் அதிகாரியின் கவலை. நோய் நாற்றத்திலிருந்து கிளம்புகிறது என்று பலர் இன்னும் நம்பிய காலம் அது. அந்தக் கவலை கன்டோன்மெண்ட் வேலியைத் தாண்டிப் பஜாருக்கு வந்தபோது 1865, 1871 நகர மேம்பாட்டுச் சட்டங்களாகவும் 1884 நகராட்சிச் சட்டமாகவும் ஆனது. 1920 சட்டம் அவற்றின் வாரிசு.

ஐரோப்பாவில் அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஜெர்மனியில் ராபர்ட் ஃபான் ஓஸ்டர்டாக் என்ற கால்நடை மருத்துவர் இறைச்சி ஆய்வை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார். அறுப்பதற்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம் என்று 1900-இல் அங்கே சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்து வழி வேறு. 1875 பொதுச் சுகாதாரச் சட்டப்படி அங்கே மருத்துவ அதிகாரியோ, தொல்லைகளைக் கவனிக்கிற இன்ஸ்பெக்டரோ கடைக்குள் நுழைந்து, தொங்குகிற இறைச்சியைப் பார்த்துப் பறிமுதல் செய்வார். அதாவது ஆடு செத்துக் கடைக்கு வந்த பிறகுதான் அதிகாரியின் கண் அதன்மேல் படும். நம்மிடம் வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வழி. ஆறரை மணிக்கு நான் மூன்றாவது கடையில் நின்றதற்கும், ஈரல் அஞ்சு மணிக்குப் புரோட்டாக் கடைக்குப் போனதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அங்கேயே உருவாக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து.

சரி, கால்நடை மருத்துவர்கள் எங்கே போனார்கள்? 1891-92-இல் உருவான சிவில் கால்நடைத் துறைக்கு ஆரம்ப காலத்தில் பெரிய வேலை குதிரை, கோவேறு கழுதை இனப்பெருக்கம். அதுவும் பட்டாளத்துக்காகத்தான். சென்னை கால்நடைக் கல்லூரி 1903-இல் வேப்பேரியில் தொடங்கியது. வெளியே வந்த மருத்துவர்கள் வெக்கை நோய், அடைப்பான், கோமாரி என்று உழவு மாட்டைக் காப்பாற்ற ஓடினார்கள். உழவு மாடு செத்தால் வயல் தரிசாகும், நிலவரி வராது. 1866-இலேயே சென்னை மாகாணத்தில் கால்நடை நோய்ச் சட்டம் இருந்தது, அதுவும் தொழுவத்துக்கும் சாலைக்கும்தான், கசாப்புக் கடைக்கு இல்லை. இப்படி ஒரே ஆடு உயிரோடு இருக்கும்வரை ஒரு இலாகா, கழுத்து அறுந்ததும் இன்னொரு இலாகா என்று ஆகிவிட்டது. இரண்டும் சந்திக்கிற இடம் விடியற்காலை நாலு மணிக்கு அந்தச் சிமெண்ட் தரை. அங்கே இருந்தவர் ரசீதுப் புத்தகத்தோடு குத்தகைக்காரரின் ஆள் மட்டும்.

அறுக்கும் முறையில் மட்டும் வெள்ளைக்காரர் கை வைக்கவில்லை. மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று 1858-இல் விக்டோரியா ராணியின் பிரகடனம் சொல்லியிருந்தது. 1890-இல் விலங்கு வதைத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, ஒரு சமூகத்தின் மதமோ மத வழக்கமோ கேட்கிற முறையில் விலங்கைக் கொல்வது குற்றம் ஆகாது என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். 1960 சட்டத்திலும் 28-ஆவது பிரிவாக அது தொடர்கிறது. 1920 நகராட்சிச் சட்டமும் திருவிழா, சடங்குக் காலங்களில் வேறு இடத்தில் அறுக்க அனுமதிக்கும் வழியை வைத்திருந்தது. எங்கள் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கும் பக்ரீதுக்கும் அந்த வாசல்தான் பயன்பட்டது. விற்பனைக்கு இல்லாத இறைச்சி என்பதால் சீலும் கிடையாது, ரசீதும் கிடையாது. கொடை ஆட்டின் இறைச்சியை நானும் சாப்பிட்டிருக்கிறேன், கண்ணை விரித்துப் பார்க்காமல்தான்.

பத்மநாபபுரத்துப் பக்கம்

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு பெரியவரிடம் சொன்னபோது சிரித்தார். “அது மெட்ராஸ்காரன் சட்டமில்லா? நம்ம ஊரு அப்போ மெட்ராசுல இல்லையே.”

உண்மை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்தவை (கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி). ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினால்தான் திருநெல்வேலி, பிரிட்டிஷ் இந்தியா. எங்கள் தாலுகாவில் இருக்கிற பத்மநாபபுரம்தான் பழைய தலைநகரம். 1750-இல் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட நாட்டில் இறைச்சி பற்றிய முதல் கேள்வி நாற்றம் இல்லை, எந்த விலங்கு என்பதுதான். பசுவைக் கொல்வது அங்கே மிகக் கடுமையான குற்றம்.

அதே திருவிதாங்கூர் 1894-இல் திருவனந்தபுரம், நாகர்கோவில், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் ஆகிய ஐந்து ஊர்களுக்கு நகர மேம்பாட்டுக் கமிட்டிகளை அமைத்தது. சென்னை மாகாணத்தில் நடந்ததைப் பார்த்துச் செய்தது. தெரு, சாக்கடை, கழிவு, விளக்கு என்று நாகர்கோவிலும் அந்த வரிசைக்கு வந்தது. ஆக ஒரே நாட்டில், மேலே தர்மத்தின் கேள்வி, கீழே சாக்கடையின் கேள்வி.

1956-க்குப் பிறகு இரண்டு நீரோட்டங்களும் கலந்தன. சேர்ந்த பகுதிக்கு (குமரி மாவட்டமும் செங்கோட்டையும்) சென்னைச் சட்டங்களை நீட்டிக்க 1957-இல் தனிச் சட்டமே போட்டார்கள். 1958-இல் வந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டையோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக அதற்கு உதவாமல் போன மாட்டையோதான் சான்றிதழ் பெற்று அறுக்கலாம். 1976 ஆகஸ்ட் 30-இல் ஒரு அரசாணை, பசுவையும் கிடாரியையும் கூடங்களில் அறுக்கக் கூடாது என்றது. கால்நடை மருத்துவர் மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லிச் சான்றிதழ் கொடுப்பார். வயதுக்கு இருந்த அந்தக் கண்டிப்பு ஈரலுக்கு இல்லை. ஆட்டுக்கோ பல்லைப் பார்க்கவும் ஆள் இல்லை.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அர்த்தசாஸ்திரத்தில் அறுப்புக்கூடத்துக்கு ஒரு தலைமை அதிகாரி உண்டு. கூடத்துக்கு வெளியே கொன்றது, தலையோ காலோ இல்லாதது, அழுகியது, திடீரென்று செத்த விலங்குடையது, இவற்றின் இறைச்சியை விற்றால் அபராதம் என்கிறது அது. தலை இல்லாத இறைச்சி ஏன் கூடாது? அந்த ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. ஈரல் போன பிறகு எனக்குப் பெரிய சாட்சி சொன்னது தலைதான். நம் ஊர்க் கடைகளில் வெள்ளாடு என்று காட்ட வாலை விட்டுவைப்பார்கள். தலையை உடம்போடு வைத்திருக்கச் சொல்லி எந்தப் பேரூராட்சியும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு

என் தவறையும் சொல்ல வேண்டும். நாலு மணிக்கு நான் அந்தக் கூடத்துக்குப் போனது வருஷத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். மற்ற நாட்களில் கடைகளைச் சுற்றுவதையே ஆய்வு என்று டைரியில் எழுதினேன். ஆடு உயிரோடு வந்து நின்றபோது பார்த்திருந்தால் கண்ணே சொல்லியிருக்கும். கடைக்காரர் அறுப்பதற்கு முன்பே திருப்பிக்கொண்டு போயிருப்பார்.

விவகாரத்துக்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். சீல் குத்தகைக்காரரின் ஆளிடம் இருக்கக்கூடாது, கால்நடை மருந்தகத்தில் இருக்கட்டும் என்று. மருந்தகம் திறப்பது எட்டு மணிக்கு. கடைக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு ஞாயிறு மட்டும் நானும், மற்ற நாட்களில் ஒரு கால்நடை உதவியாளரும் விடியற்காலை வருவது என்று ஆனது. ஈரலும் தலையும் உடம்போடு ஒரே கொக்கியில் தொங்கிய பிறகுதான் சீல். புரோட்டாக் கடைக்காரர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரு பருவம் அது ஒழுங்காக நடந்தது, அப்புறம் நான் மாற்றலாகிப் போனேன்.

2001-இல் மத்திய அரசு அறுப்புக்கூட விதிகளை வெளியிட்டது. கால்நடை மருத்துவர் ஒவ்வொரு விலங்கையும் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு 12, ஒரு நாளைக்கு 96-க்கு மேல் ஒருவர் பார்க்கக்கூடாது, சினை விலங்கை அறுக்கக்கூடாது என்று இருந்தது. ஓஸ்டர்டாக் சொன்னது நூறு வருஷம் கழித்துக் காகிதத்தில் வந்து சேர்ந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கூடத்தில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்துக்குள் நாற்பது ஆடு விழும். கணக்குப் போட்டால் அந்த ஒரு கூடத்துக்கே இரண்டு மருத்துவர் வேண்டும்.

கடைக்காரருக்கு அந்த ஆட்டின் விலை கிடைக்கவில்லை. மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் வாங்கிய ஆடு, விற்றவர் யாரென்று தெரியாது. கடைசியில் கூடக் கட்டணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று குத்தகைக்காரரிடம் கேட்டார். நானும் கூடப் போனேன். குத்தகைக்காரர் ரசீது அடிக்கட்டையைப் புரட்டி, அந்தத் தேதியைக் கண்டுபிடித்து, எங்கள் முன் வைத்தார்.

“கூலி ஆடு அறுத்ததுக்காக்கும் சாரே. அறுத்தாச்சுல்லா.”

குத்தகை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.